மடத்துக்குப் போன முகட்டு வளை

1943ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12ஆம் திகதி, வியாழக்கிழமை. பள்ளிக்கூட விடுமுறை. வழமைபோல விடியுமுன் எழுந்து, கிணற்றில் அள்ளிக் குளித்து, விபூதி பூசி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தேன். பிறகு இரும்பு அலவாங்கையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அச்சுவேலியிலிருந்து வடக்கே நடந்தேன். மாணவர்களுக்குக் கணக்குப் படிப்பிக்கிற எனக்கு அந்த விடுமுறை முழுவதும் ஒரே வேலைதான்: வீடு பிரிப்பது.

யுத்தத்துக்கு விமானத் தளம் போடவென்று அரசாங்கம் எங்கள் ஊரை எடுத்துவிட்டது. மறுநாள் நடுப்பகலோடு கம்பி வேலியை அடைப்பதாக ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வந்து சொல்லியிருந்தார். அதற்கு முன் எதைக் கழற்ற முடியுமோ அதைக் கழற்றிக்கொண்டு போகலாம். ஆகவே சனங்கள் தாங்கள் கட்டிய வீடுகளைத் தாங்களே இடித்தார்கள். கதவு, யன்னல்களை வாங்கக் கொடிகாமத்திலிருந்துகூட வண்டிகள் வந்தன. உக்கிய கூரை ஓலையைப் புகையிலைத் தோட்டக்காரர் எருவுக்கு ஏற்றினார்கள். சுண்ணாம்புக் கல்லைக் கிளப்பி, ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டி அடுக்கினார்கள். என் வீடு போன கிழமையே போய்விட்டது. மிஞ்சியிருந்தது அக்காவின் வீடு. அதில் அத்தான் படுத்திருந்தார்.

அத்தானுக்கு நெஞ்சில் நீர். இரண்டு மூன்று நாள் தாங்கும் என்று பரியாரியார் சொல்லியிருந்தார். அவரை எங்கே கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அச்சுவேலியில் பாதி வீடு வாடகைக்கு எடுத்திருந்தேன். மற்றப் பாதியில் இருந்த வீட்டுக்காரரின் மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம். சாகக் கிடக்கிறவரை உள்ளே எடுத்தால் சாவுத் துடக்கு வீட்டில் விழும், கலியாணம் தள்ளிப்போகும். வீட்டுக்காரர் மறுக்கவில்லை. "யோசிச்சுச் செய்யுங்கோ, வாத்தியார்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மற்றச் சொந்தக்காரர் இரண்டு வீட்டிலும் அதே கதைதான், சொல்லிய விதம் மட்டும் வேறு.

தெற்கே போகிற பாதையில், கம்பி வேலிக்கு வெளியே, ஒரு பழைய மடம் இருந்தது. கால்நடையாகக் கோயிலுக்குப் போகிறவர்கள் இளைப்பாற யாரோ புண்ணியத்துக்குக் கட்டியது. பஸ் ஓடத் தொடங்கிய பிறகு யாரும் தங்குவதில்லை. கூரை விழுந்து, உள்ளே எருக்கலை முளைத்து, சுவர் மட்டும் நின்றது. அது யாருடைய வீடும் அல்ல. ஆகவே யாருக்கும் துடக்கில்லை. போக இடமில்லாத நாலு குடும்பங்கள் சேர்ந்து அதைத் துப்புரவாக்கி, தங்கள் வீட்டுச் சிலாகைகளையும் ஓலைகளையும் கொண்டுபோய் ஒவ்வோர் அறையாகக் கூரை மேய்ந்துகொண்டிருந்தன. கிழக்கு மூலையை அக்காவுக்கு விட்டிருந்தார்கள்.

அத்தான்தான் சம்மதிக்கவில்லை.

"மடத்திலையோ? நான் என்ன பரதேசியே? பிச்சைக்காரன் கிடந்து சாகிற இடமெல்லோ அது."

"வளை எங்கடை, ஓலை எங்கடை, சட்டிபானை எங்கடை. பிறகென்ன பரதேசி? பேசாமல் படுங்கோ" என்றாள் அக்கா.

அவள் அதைச் சும்மா வாய்க்குச் சொல்லவில்லை. மடத்தில் அத்தானின் தலைக்கு மேல் எது வருகிறதோ அது இந்த வீட்டுக் கூரையின் உச்சியைத் தாங்குகிற முகட்டு வளையாகவே இருக்க வேண்டும் என்று நின்றாள். அத்தான் கலியாணம் செய்த வருடம் தன் கையால் பார்த்து வெட்டுவித்த வைரப் பனை அது. வீட்டின் மற்றப் பக்கங்களைப் பிரித்து அனுப்பிவிட்டோம். இந்த வளையும் அதன் கீழே அத்தான் கிடந்த அறையும்தான் மிச்சம். மறுநாள் நடுப்பகல்வரை காத்திருந்தால் ஏற்றி இறக்கி மடத்தில் பூட்ட நேரம் போதாது. ஆகவே வியாழக்கிழமை காலையிலேயே கழற்றுவது என்று நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

ஓலையை மெதுவாக இறக்கினோம். தூசி விழாமல் அக்கா அத்தானின் முகத்தின் மேல் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்தாள். பக்கத்துக் காணிப் புகையிலைக்காரர் சுவரில் ஏறி நின்று எனக்கு உத்தரவு போட்டார்.

"வாத்தியார், கரும்பலகையிலை சோக்கட்டி பிடிக்கிறமாதிரிப் பிடியாதையுங்கோ. வளை நழுவினால் உங்கடை அத்தானுக்கு முதல் நீங்கள்தான் போவியள்."

"அவன் போனால் பள்ளிக்கூடப் பெடியள் பொங்கல் வைப்பாங்கள்" என்றார் கீழே கிடந்த அத்தான். இருமல் வந்தது. இருமி முடிந்ததும் சேலைத் தலைப்பை விலக்கச் சொன்னார். வளை போன இடத்தில் வானம் வெறுமையாகத் தெரிந்தது. "இவ்வளவு காலமும் உந்த முகட்டைப் பாத்துக்கொண்டு கிடந்தன். உதுக்குப் பின்னாலை இவ்வளவு வெக்கை கிடந்திருக்கு" என்றார்.

வளையோடு முதல் வண்டி போனது. புகையிலைக்காரரும் கூடப் போனார். அது திரும்பி வரும்வரை அத்தான் கூரையில்லாத அறையில் குடைக்குக் கீழே கிடந்தார். வெயில் சுவரைச் சுட்டது. அக்கா ஈரத் துணியால் உதட்டை நனைத்தபடி இருந்தாள். மத்தியானத்துக்குப் பின் வண்டி வந்தது. வளை ஏறிவிட்டது, கட்டியாயிற்று, ஓலையும் மேய்ந்தாயிற்று என்று புகையிலைக்காரர் சொன்னார். வைக்கோல் பரப்பி, மேலே பாய் போட்டு அத்தானை ஏற்றினோம். அக்கா ஏறி அவரது தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் குடையைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தேன்.

மடத்தின் சுவர் கண்ணுக்குத் தெரிந்தபோது அக்கா சொன்னாள்: "வண்டியை நிப்பாட்டு."

வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். "என்னக்கா, மடம் உந்தா தெரியுது."

"திருப்பு."

அப்போதுதான் நான் குனிந்து அத்தானின் முகத்தைப் பார்த்தேன். கண் பாதி திறந்திருந்தது. மூச்சு இல்லை.

"அங்கை நாங்கள் இருக்கலாம். அவரைத் திருப்பு" என்றாள் அக்கா. அழவில்லை. சிறிது தூரம் போன பிறகு எங்கள் யாரையும் பாராமல், "வளையை ஒரு நாள் விட்டிருக்கலாம்" என்றாள். புகையிலைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

சுவர் மட்டும் நின்ற வீட்டுக்குள் அவரைக் கிடத்தினோம். முற்றத்தில் பந்தல் போடக் கம்பில்லை. எல்லாம் மடத்தில் இருந்தன. எருவுக்கென்று குவித்து வைத்திருந்த பழைய ஓலையைச் சுவரோடு சாத்தி ஒரு நிழல் செய்தோம். அதன் கீழ்தான் குளிப்பாட்டினோம், வாய்க்கரிசி போட்டோம். பறை அடிக்கிறவர்கள் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். பெண்கள் எட்டோ பத்தோ பேர் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்களுடைய ஒப்பாரியில் அத்தானுக்குப் பாதி, ஊருக்குப் பாதி.

விறகும் இல்லை. வன்னியிலிருந்து விறகு வருவது நின்று கனகாலம். இருந்த மரங்களையும் தளத்து வேலைக்கு வெட்டிவிட்டார்கள். செத்த வீட்டுக்கு ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கொள்ளிக் கட்டை கொடுப்பது எங்கள் வழக்கம். அன்று வீடே இல்லாதவர்கள், விலைபோகாமல் விட்டவற்றைக் கொண்டுவந்தார்கள். கறையான் தின்ற சிலாகை, பிளந்த யன்னல் சட்டம், கால் போன வாங்கு, ஒரு வாசல் படலையின் பாதி. சுடலையில் அடுக்கும்போது எது எந்த வீட்டுடையது என்று எனக்குத் தெரிந்தது. அந்த வாங்கில் இருந்து நான் பலகாரம் சாப்பிட்டிருக்கிறேன். பொழுது படுமுன் நானே கொள்ளி வைத்தேன். பழைய மரம், உடனே பற்றிக்கொண்டது.

திரும்பி வந்து அக்காவை மடத்துக்குக் கூட்டிப்போனோம். அவள் அந்த மூலைக்குள் போய், நிமிர்ந்து பாராமல், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "வளையை இறக்கிவிடட்டோ?" என்று புகையிலைக்காரர் வாசலில் நின்று கேட்டார்.

"இறக்கி? மழை வந்தால் ஆரின்ரை தலையிலை ஊத்தும்? கிடக்கட்டும்."

எலும்பு பொறுக்குகிற காடாத்தை மூன்றாம் நாள் செய்வதுதான் எங்கள் பக்கத்து முறை. ஆனால் சுடலையும் கம்பி வேலிக்கு உள்ளேதான் இருந்தது. மூன்றாம் நாள் அங்கே போக விடமாட்டார்கள். ஆகவே மறுநாள், வெள்ளிக்கிழமை, வெளிச்சம் வந்ததும் நானும் புகையிலைக்காரரும் மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீரும், ஒரு செம்பில் பாலும், எலும்புக்கு ஒரு புது மண் முட்டியும் கொண்டு போனோம். சாம்பல் இன்னும் சுட்டது. தண்ணீர் தெளித்துக் கிளறினோம். அந்த யன்னல்களிலும் படலையிலும் இருந்த ஆணிகள் எல்லாம் எலும்போடு கலந்து கிடந்தன, கருகி, வளைந்து. எது எலும்பு, எது இரும்பு என்று விரலால் தொட்டுப் பார்த்தே பிரிக்க வேண்டியிருந்தது. அந்த யுத்தக் காலத்தில் ஆணி கடையில் கிடையாது. புகையிலைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் வெறும் தகரத்தை அவர் பக்கம் தள்ளிவைத்தேன். முதலில் ஆணிகளைப் பொறுக்கினோம்.