செய்தித்தாள் பிடித்து நின்ற நாட்கள்

முதுகில் சுவரின் சூடு, விரல்களில் அச்சுமையின் பிசுபிசுப்பு, "ஆடாதே பாப்பா, ஆடாதே" என்று எதிரிலிருந்து வரும் அப்பாவின் குரல்: பத்து வயது என்று நினைத்தாலே எனக்கு முதலில் வருவது இவைதான். அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில், வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு முன்னால், அன்றைய செய்தித்தாளை இரண்டு கைகளாலும் விரித்து முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். அப்பா ஆறடி தள்ளி முக்காலியில் கேமராவைப் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லென்ஸ் வளையத்தை மயிரிழை இப்படியும் மயிரிழை அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பார். அவர் என்னைப் படம் எடுக்கவில்லை. புது லென்ஸைச் சோதிக்கிறார். பிரிண்டில் வரி விளம்பரத்தின் பொடி எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தால் லென்ஸ் தேறியது என்று கணக்கு. செய்தித்தாள் முன்னாலும் நான் பின்னாலும் இருந்ததால், அந்தப் படங்களில் எழுத்து ஊசிமுனை மாதிரி விழுந்திருக்கும், என் முகம் கலங்கிப்போயிருக்கும். எனக்கு எந்த வயதில் பல் விழுந்தது என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது, அன்று எந்த அமைச்சர் எந்தப் பாலத்தைத் திறந்துவைத்தார் என்று சொல்லிவிடலாம்.

அப்பா கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். உடுப்பிலோ சாப்பாட்டிலோ எந்த ஆசையும் இல்லாத மனிதர், கேமரா விஷயத்தில் மட்டும் அவருக்கு இருப்புக்கொள்ளாது. ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்த மறுவாரமே அதைவிட உசத்தி எது என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். பழைய பத்திரிகைகளில் வந்த லென்ஸ் விளம்பரங்களைக் கத்தரித்து ஃபைல் போட்டு வைத்திருப்பார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய் பீரோவைத் திறந்து கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து மூன்றாவது வாய் சாப்பிடுவார். ஒவ்வொரு பிரிண்டின் பின்பக்கத்திலும் தன் வரைபட எழுத்தில், அச்சடித்தாற்போல, என்ன லென்ஸ், ஒளி புகும் துளை எவ்வளவு, ஷட்டர் வேகம் எவ்வளவு, வெயிலா மேகமா என்று குறித்துவைப்பார். படத்தில் இருப்பவர் யார் என்று மட்டும் எழுதியதே இல்லை.

எனக்கு அந்தக் கேமராவைக் கையில் வாங்கி ஒரே ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வயதில் வேறெதற்கும் நான் அப்படித் தவித்ததில்லை. கேட்டால் "கையைக் கழுவிட்டு வா" என்பார். குழாயடிக்கு ஓடி, சோப்புப் போட்டுக் கழுவி, பாவாடையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தால், கேமரா உறைக்குள் போய், உறை பீரோவுக்குள் போய், பீரோ பூட்டப்பட்டிருக்கும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். நானும் அசடு மாதிரி மறுநாளும் கழுவிக்கொண்டு வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பம்மலிலிருந்து தேவராஜ் அங்கிள் வருவார், கூடவே அவரைப் போன்ற இன்னும் இரண்டு பேர். அங்கிள் தன் ஃபில்டர்களை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து அடுக்கிக் கொண்டுவருவார். அவர்களுக்குக் கேமரா என்றால் "பாடி", லென்ஸ் என்றால் "கண்ணாடி". அம்மா இரண்டு தடவை காபி கொடுத்து முடிக்கும்வரை கண்ணாடிகளைப் பற்றியே பேசுவார்கள். நல்ல படம் ஒன்று கண்ணில் பட்டால் அங்கிள் தலையை ஆட்டி, "கண்ணாடி பேசுது சார்" என்பார். படம் மோசமாக இருந்தால் எடுத்தவனுக்குக் கை நடுக்கம். அப்படியென்றால் நல்ல படத்தில் எடுத்தவனுக்குப் பங்கே கிடையாதா என்று எனக்குத் தோன்றும். கேட்க வாய் வராது.

அம்மாவிடமும் ஒரு கேமரா இருந்தது. பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அம்மாவுக்கு, வளைகுடாவில் வேலை பார்த்த ஒன்றுவிட்ட அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது. முழுக்கப் பிளாஸ்டிக். திருப்ப வளையம் கிடையாது, ஒரே ஒரு பொத்தான்தான். அப்பா அதைச் "சோப்பு டப்பா" என்பார். அம்மா அதற்கு ரோஷப்பட்டதில்லை. கைப்பையில் சீப்புக்கும் சில்லறைக்கும் நடுவே போட்டுக்கொண்டு போய் பள்ளிக்கூடப் பிக்னிக்கில் பிள்ளைகளை எடுப்பார். அதையும் நான் தொடக்கூடாது, ஃபிலிம் வீணாகும் என்பது அப்பாவின் சட்டம்.

அந்த வருஷத்து மழையில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மழை விட்ட ஒரு காலையில் வானம் வெள்ளை மேகமாய்ப் பளிச்சென்று திறந்துகொண்டது, தெரு முழுக்க இன்னொரு வானம் கிடந்தது. அப்பாவுக்குப் புதிதாக ஒரு முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் வந்திருந்த நேரம். அம்மாவைத் தண்ணீரில் நடக்கச் சொல்லி வாசற்படியில் நின்று எடுக்க ஆரம்பித்தார். போ, வா, மறுபடி போ, செருப்பைக் கையில் பிடி, இந்தப் பக்கம் பார்க்காதே. நாலைந்து தடவை நடந்ததில் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ரோல் முடிந்து, லென்ஸில் தெறித்த தண்ணீரைத் துடைக்க அப்பா உள்ளே ஓடினார். நான் மேசைமேல் இருந்த அம்மாவின் கைப்பையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு அதே படிக்கு வந்தேன். கைகூடக் கழுவவில்லை. ஒரு கையில் செருப்பும் மறுகையில் தூக்கிப் பிடித்த சேலையுமாகத் திரும்பிய அம்மா, என்னையும் என் கையில் இருந்ததையும் பார்த்துவிட்டு, அவ்வளவு நேரத்து எரிச்சலும் போய் வாய்விட்டுச் சிரித்தார். நான் பொத்தானை அழுத்தினேன். அதுதான் அம்மாவின் ரோலில் கடைசி ஃபிலிம்.

இரண்டு ரோலையும் அப்பா தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துக் கலர் லேபில் ஒன்றாகக் கொடுத்தார், பிரிண்டுகள் ஒரே கவரில் வந்தன. ஞாயிற்றுக்கிழமை தேவராஜ் அங்கிள் முன்னால் பரப்பியபோது எல்லாருடைய கையும் ஒரே படத்துக்குத்தான் போயிற்று. அதே தெரு, அதே சேலை, அதே தண்ணீர். தான் எடுத்த பத்துப் பதினைந்தில் ஒன்று என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டார். அங்கிள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நாலு ஓரத்துலயும் லேசா இருட்டு இறங்குது பாருங்க. மலிவுக் கண்ணாடியில இது வரவே வராது சார்." அந்த இருட்டு சோப்பு டப்பாவின் கோளாறு. அப்பா பேனாவை எடுத்து, பின்பக்கத்தில் முப்பத்தைந்து, எட்டு, நூற்றிருபத்தைந்து, மேகம் என்று எழுதினார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். சொன்னால் தொட்டதற்குத் திட்டு விழும், சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அடுக்களையில் போய் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும், அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்துச் சிரித்தது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் டபராவைக் கழுவிக்கொண்டே, "விடு பாப்பா. இப்படி அவர் சந்தோஷமா இருந்து எத்தனை நாளாச்சு" என்றார். விட்டுவிட்டேன். ஆனால் அம்மாமேல் வந்த கோபம் அன்றைக்குப் போகவில்லை, இன்றைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

படத்தைப் பெரிதாகப் போட்டுத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த புகைப்படக் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று அங்கிள் பிடிவாதம் பிடித்தார். அப்பா நெகட்டிவைத் தேடி எடுத்துக்கொண்டு தானே லேபுக்குப் போய் வந்தார். கண்காட்சியில் படத்துக்குக் கீழே அப்பாவின் பெயரும் லென்ஸின் பெயரும் இருந்தன. வந்தவர்களெல்லாம் படத்தைப் பார்த்தார்கள், பிறகு அப்பா பக்கம் திரும்பி "என்ன லென்ஸ் சார்?" என்று கேட்டார்கள். படத்தில் தண்ணீரில் நிற்கும் பெண் அவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார், ஒருத்தரும் கவனிக்கவில்லை. அப்பா அன்று பதில் சொன்ன விதத்தில் ஏதோ அவசரம் இருந்தது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அப்பா அமைதியாகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஆறு மாதத்தில் அந்த முப்பத்தைந்தைக் கைமாற்றிவிட்டு இன்னொன்று, அதற்கப்புறம் வேறொரு பாடி, அதற்கு ஏற்ற வேறு கண்ணாடி. ஒவ்வொரு மழைக்கும் அம்மாவைத் தெருவில் நடக்கவிட்டார். கூட்டம் கூட்டமாகப் படங்கள் வந்தன, எல்லாவற்றிலும் தண்ணீர் இருந்தது, வானம் இருந்தது, பக்கத்து வீட்டுக் கதவு எண்கூடப் படிக்க முடிந்தது. அம்மா சிரிக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில், "இனிமே என்னால தண்ணியில நடக்க முடியாதுங்க" என்று அம்மா சொல்லிவிட்டார். நான் மட்டும் சுவரோரம் செய்தித்தாளோடு பத்தாம் வகுப்புவரை நின்றேன். கேமரா என் கைக்கு வரவேயில்லை.

பிறகு ஒரு வருஷம் ஆறு வீட்டுக்குள்ளேயே வந்தது. தண்ணீர் வடிந்து நாங்கள் திரும்பிப் போனபோது பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள் சேறோடு சேர்ந்து ஒரே கட்டியாக இருந்தன. பிரித்தால் படங்களின் முன்பக்கம் மஞ்சளும் சிவப்புமாக வழிந்து கையோடு வந்தது. பின்பக்கத்துப் பேனா எழுத்து மட்டும் கலையவில்லை. மொட்டை மாடியில் காயவைத்தோம்: வரிசை வரிசையாக லென்ஸும் துளையும் வேகமும் வெயிலில் கிடந்தன, யார் எது என்று சொல்ல ஒரு முகம்கூட மிஞ்சவில்லை. ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பெரிய படமும் கண்ணாடியோடு ஒட்டிக் கிழிந்தது. அதன் பின்னாலும் அதே எழுத்து, முப்பத்தைந்து, எட்டு, நூற்றிருபத்தைந்து, மேகம்.

இப்போது பீர்க்கன்கரணையில் ஏரியைப் பார்த்த மூன்றாம் மாடியில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அனகாபுத்தூர் வீட்டை இடித்தாயிற்று. நான் முதுகைச் சாய்த்து நின்ற சுவர் இருந்த இடத்தில் வேறொருவர் கார் நிற்கிறது. நான் கணினி வேலையில் இருக்கிறேன். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் வீட்டிலும் மூன்று கேமராக்கள் இருக்கின்றன. எந்தக் கேமராவில் உலகத்திலேயே நல்ல படம் விழுந்தது என்று நேரில் பார்த்தவள் நான், ஆனாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடுத்தது எப்போது வரும் என்று போனில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்கியதும் ஒரு வாரம் தூக்கிக்கொண்டு அலைகிறேன், பிறகு அலமாரிக்குள் வைத்துவிட்டு அடுத்ததைத் தேடுகிறேன். என் மகன் தொட வந்தால் "கையைக் கழுவிட்டு வா" என்று என் வாயே சொல்கிறது. சொல்லி முடித்ததும் எனக்கே உடம்பு கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, பால்கனியில் முழங்கால் வலியைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா எதற்கோ சிரித்தார், போனில் ஒரு படம் எடுத்தேன். அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கி ஓரங்களைப் பார்த்தார். "இது என்ன போன்?" என்றார்.

அவ்வளவுதான், இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. சோப்பு டப்பா, வாசற்படி, கடைசி ஃபிலிம், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அப்பா திடுக்கிடவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏரியைப் பார்த்தார்.

"தெரியும். பெருசு போட நெகட்டிவ் தேடினப்பவே தெரியும். உங்கம்மா பிக்னிக் ரோல்ல கடைசியா இருந்துச்சு. அவ தன்னையே எடுத்துக்க முடியாதே."

"அப்ப ஏம்பா சொல்லல?"

"சொல்லியிருந்தா உன் கையில கேமராவைக் கொடுத்திருக்கணும்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. தெரிந்தேதான் அந்தப் பெரிய படத்தின் பின்னால் எழுதியிருக்கிறார், தெரிந்தேதான் அதற்கப்புறம் அத்தனை லென்ஸ்களும் வந்திருக்கின்றன, தெரிந்தேதான் என்னைச் சுவரோரம் நிற்கவைத்திருக்கிறார். அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "அதைக் கொடு, உன்னை ஒண்ணு எடுக்கறேன். பேப்பர் வேண்டாம்."

நான் கொடுக்கவில்லை. "கையைக் கழுவிட்டு வாங்கப்பா" என்றேன்.

எழுபத்தெட்டு வயது மனிதர் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, சோப்பு வழுக்கித் தொட்டியில் விழும் சத்தம் கேட்டது, துண்டைத் தேடி அவர் நடப்பது கேட்டது. என் கைப்பை மடியில் திறந்தபடி இருந்தது. அவர் திரும்பி வரும்வரை போனை அதற்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.