தெரிந்தவர் கையெழுத்து

வளைகுடாவில் ஒரு துண்டு நாடு. வரைபடத்தில் விரல் வைத்தால் மறைந்துவிடும். அங்கே தெருவுக்குத் தெரு பேங்க் இருக்கிறது என்று என் கணவர் எழுதியிருந்தார். வெல்டர் வேலைக்குப் போன மனுஷன், சேர்த்த சம்பளத்துக்கு என் பெயரில் டிராஃப்ட் எடுத்து அனுப்பினார். எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில் அது திண்டிவனம் வந்து சேர்ந்தது. அத்தனை கடல் தாண்டி ஒழுங்காக வந்த காகிதம், எங்கள் தெருவுக்குக் கூப்பிடு தூரத்திலிருந்த பேங்க்குக்குள் நுழைய முடியாமல் நாறிப்போயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்போது கணவரின் அண்ணன் வீட்டில், பின்பக்கத்து அறையில், கைக்குழந்தையோடு இருந்தேன். ஒரு குடம் தண்ணீர் எடுப்பதற்கும் அவர் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும். மயிலம் போகிற சாலையில் ஒரு மனை பார்த்து, என் கம்மலை விற்று முன்பணம் கொடுத்திருந்தேன். தை பிறப்பதற்குள் மீதியைக் கொடுத்தால் மனை எனக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

பேங்க்கில் கிளார்க் டிராஃப்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோடு போட்டுக் குடுத்துருக்காங்க. கையில காசு தர முடியாதும்மா. உன் பேர்ல அக்கவுண்ட் இருக்கணும்."

"அப்ப ஒண்ணு ஆரம்பிச்சுக் குடுங்க சார்."

"இன்ட்ரொடியூசர் யாரு? இதே பிராஞ்சுல அக்கவுண்ட் வெச்சிருக்கிற ஒருத்தரு, 'இவங்கள எனக்குத் தெரியும்'னு கையெழுத்துப் போடணும்."

அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். ரேஷன் கார்டைக் காட்டினேன். கல்யாணப் பத்திரிகையைக்கூட எடுத்துப்போய்க் காட்டினேன். ஆள்தான் வேண்டும் என்றார்.

ஆளுக்கா பஞ்சம்? கணவரின் அண்ணன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தார். அவர் கணக்கு அதே பேங்க்கில்தான்.

"மாமா, ஒரே ஒரு கையெழுத்துதான்" என்றேன்.

அவர் வெற்றிலை மடிப்பதை நிறுத்தவில்லை. "பொம்பளைக்கு எதுக்கும்மா பேங்க்கு? என் பேருக்கு அனுப்பச் சொல்லி எழுதிடு. ஜல்தியா மாத்திக்கலாம்."

சரி, போகட்டும் என்று எதிர்வீட்டு ஹெட்மாஸ்டரிடம் போனேன். நல்ல மனுஷன். தலையைச் சொறிந்துகொண்டார். "போடக்கூடாதுன்னு இல்லம்மா. உன் வூட்டுக்காரரு ஊர்ல இல்ல. 'அந்தப் பொண்ண இவருக்கு எப்படித் தெரியும்'னு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க." கதவுக்குப் பின்னால் அவர் மனைவி நின்றிருந்தாள். என் பெயரில் ஒரு பாஸ்புக் கேட்கப் போனவள், என்னமோ அவள் புருஷனையே கேட்கப் போனவள்போல் கூனிக்குறுகித் திரும்பினேன்.

மார்க்கெட்டில் காய் விற்கிற ஓர் அம்மாவுக்கு அங்கே கணக்கு இருந்தது. தராசைப் போட்டுவிட்டு உடனே கிளம்பிவிட்டாள். "வா கண்ணு, நான் சொல்றேன். எந்தக் கட்டவிரலு வேணுமாம்?" ரேகை வைக்கிறவர்கள் அறிமுகம் செய்ய முடியாது என்று கிளார்க் சொல்லிவிட்டார். அவள் திட்டிய திட்டில் கவுண்டரே அடங்கிப்போனது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்பா விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கோலியனூரில் இருந்தார். விழுப்புரம் பேங்க்கில் கணக்கு வைத்திருந்த, அவருக்குத் தெரிந்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு அங்கே போனோம். திண்டிவனத்தில் குடியிருக்கிறவர் திண்டிவனத்தில்தான் கணக்குத் தொடங்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் கணவருக்கு எழுதினேன். மார்கழி தொடக்கத்தில் பதில் வந்தது. "அத திருப்பி அனுப்பிடு. அண்ணன் பேருக்கே வேற அனுப்பிட்டேன். நீ பேஜாரு பண்ணிக்கினு இருக்காத."

அண்ணன் பேருக்கு வந்தது ஒரே வாரத்தில் காசானது. அந்த மனையை அவரே வாங்கினார், அவர் பெயரில். என் கம்மலை விற்றுக் கொடுத்த முன்பணமும் அதில் கழிந்தது. "எல்லாம் நம்ம குடும்பத்துக்குத்தானம்மா" என்றார். அடுத்தடுத்து வந்த டிராஃப்டில் வீடும் எழும்பியது.

கிரகப்பிரவேசத்துக்கு பேங்க் மேனேஜர் வந்திருந்தார். நான் பாயச வாளியோடு பந்தியில் நடந்துகொண்டிருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இவங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார்.

"என்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க!" என் கணவரின் அண்ணன் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். "இவள எனக்குத் தெரியாதா? நம்ம தம்பி சம்சாரம் சார். எனக்குப் பொண்ணு மாதிரி."

மேனேஜர் சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் அவர் இலையில் பாயசம் ஊற்றினேன். அந்த வீட்டிலும் எனக்குப் பின்பக்கத்து அறையைத்தான் ஒதுக்கியிருந்தார்கள்.