சத்தமில்லாத படம்

மத்தியானம் இரண்டு இருபதுக்கு, ஈரச் சட்டையின் வாசமும் சூடேறிய வீடியோ "டெக்"கின் வாசமும் கலந்து கிடந்த எங்கள் முன்னறையிலிருந்து அப்பா இரண்டாவது தடவையாகக் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மணி எனக்கு நினைவில் நிற்பது அம்மாவால்தான். சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்து நேரத்தை வாய்விட்டுச் சொல்லி, தேத்தண்ணிக்கு முதல் வந்துவிட வேண்டும் என்றார். அப்பா திரும்பாமலே கையைக் காட்டிவிட்டுப் போனார்.

வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒரு லேனில், மொஹிதீன் நானாவின் வீட்டு மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த யுத்த காலம் அது. வைகாசி மழை தொடங்கினால் கடலும் மழையும் ஒரே குரலில் இரைய, ரயில் போகும்போது மட்டும் அந்த இரைச்சல் நடுவில் வெட்டுப்பட்டு யன்னல் கண்ணாடிகள் அதிரும். அப்படியான சனிக்கிழமைகளில் வெளியே விளையாட வழியில்லாத எனக்கும் தம்பிக்கும் படம் போட்டுவிடுவது வீட்டு வழக்கம். டெக்கை நாள் வாடகைக்கு எடுப்போம். கூடவே ஒரு கசெற். நிலத்தில் போர்வையை விரித்து, கதவையெல்லாம் சாத்தி, அந்த நீல வெளிச்சத்துக்குள் படுத்துக் கிடந்தால், பகலா இரவா, கொழும்பா வேறு ஊரா என்று தெரியாத ஒரு மிதப்பு வரும்.

படங்களை எங்கள் வீட்டில் நல்லது கெட்டது என்று பிரிப்பதில்லை. "சத்தப் படம்", "சத்தமில்லாத படம்" என்று இரண்டே வகை. யாழ்ப்பாணத்தில் குண்டுச் சத்தத்துக்குள் வளர்ந்து வந்த தம்பி, வெடிச்சத்தம் கேட்டால் இப்போதும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அவனை வெளியே எடுக்க ஒரு பொழுது ஆகும். அதைவிட, தமிழ் ஆட்கள் இருக்கும் மேல்மாடியிலிருந்து துவக்குச் சத்தம் வந்தால் லேனில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம் அம்மாவுக்கு. "படத்தில சுட்டாலும் றோட்டில நிக்கிறவனுக்குச் சுட்டதுதான்" என்பார். காலி வீதிக் கசெற் கடைப் பெடியனுக்கும் இது பழகிவிட்டது. எங்கள் அப்பாவைக் கண்டதும் நடிகரின் பெயரைக் கேட்கமாட்டான், சத்தமில்லாததுதானே என்றுதான் கேட்பான்.

அன்று அவன் பெட்டியை மாற்றிவிட்டான். மேலே சிரிப்புப் படத்தின் அட்டை, உள்ளே பொலிஸ்காரப் படம். தொடங்கிச் சிறிது நேரத்திலேயே யாரோ யாரையோ சுட, தம்பி போர்வையோடு மறைந்தான். அம்மா ஓடிவந்து டெக்கை நிறுத்தினார். முதல் தடவை போய் வந்ததிலேயே தெப்பமாக நனைந்து, சட்டையைக் கழற்றி பல்கனிக் கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, கையைக் கழுவி, வேறு சட்டை மாட்டிக்கொண்டு அதை மாற்றப் போனார்.

தேத்தண்ணி ஆறிப்போன பிறகுதான் நானா மேலே வந்தார். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த அவர் காரணமில்லாமல் எங்கள் படியேறுகிறவர் அல்லர். வாசலிலேயே நின்று, "தங்கச்சி, லேன் முனையில செக்கிங். ஆம்புளைகள நிப்பாட்டி வெச்சிருக்காங்க. அவர் வீட்டுலயா?" என்றார்.

அம்மா நேரே பல்கனிக்குப் போய், கொடியில் கிடந்த ஈரச் சட்டையின் பையைத் தடவினார். துணியோடு ஒட்டிப்போயிருந்த அடையாள அட்டை கையோடு வந்தது. அட்டை இல்லாத தமிழ் ஆணை அந்த நாட்களில் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனால் எங்கே போய்த் தேடுவதென்று யாருக்கும் தெரியாது என்பது எனக்கே தெரியும். அந்த லேனில் ஒரு வீட்டில் அப்படிப் போனவரை இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா அட்டையைச் சீலைத் தலைப்பால் திரும்பத் திரும்பத் துடைத்தார். தானே கொண்டுபோகிறேன் என்று செருப்பைப் போட்டவரை நானா மறித்தார்.

"நீங்க புள்ளைகளோட இரிங்க. கார்டத் தாங்க. எனக்குச் சிங்களத்துல கதைக்க ஏலும்தானே."

அவர் போன பிறகு அம்மா கதவைச் சாத்திவிட்டு, எங்களுக்குப் படம் பார்க்க விருப்பமா என்று கேட்டார். வீட்டில் இருந்தது ஒரேயொரு கசெற்: கொட்டாஞ்சேனை மண்டபமொன்றில் நடந்த மாமாவின் கலியாணம். எத்தனையோ தடவை பார்த்துச் சலித்தது. ஆனாலும் அம்மா அதையே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். சாதாரணமாக எங்களோடு இருந்து படம் பார்க்கிறவர் அல்லர் அவர்.

மழைக்கு மேலே நாதஸ்வரம் எழுந்தது. மண்டப வாசலில் பன்னீர் தெளித்தபடி அப்பா வந்தார். கமெராவைக் கண்டதும் வெட்கப்பட்டு, பன்னீர்ச் செம்பால் முகத்தை மறைத்து, அந்தப் பதற்றத்தில் அவிழப் போன வேட்டியை மற்றக் கையால் பிடித்தார். தம்பி கட்டிலடியிலிருந்து ஊர்ந்து வந்து சிரித்தான். இன்னொருக்கால் என்றான். நான் சுற்றிப் பின்னால் கொண்டுபோனேன். வந்த ஆட்களெல்லாம் பின்புறமாக நடந்து மண்டபத்தை விட்டுப் போனார்கள், தெளித்த பன்னீர் செம்புக்குள் திரும்பியது. மறுபடி அப்பா வந்தார், மறுபடி வெட்கப்பட்டார். அறை இருண்டுகொண்டே போக, அந்தச் சிறு துண்டையே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை, அவருடைய முகத்தை நன்றாகப் பார்க்கலாமென்று நான் படத்தை நிறுத்தினேன். அப்பாவின் நெற்றிக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் நடுங்கின.

"நிப்பாட்டாதை பிள்ளை," என்று அம்மா என் கையைப் பிடித்தார். "ஓட விடு."

ஓட விட்டேன். தாலி கட்டும் இடம் வரை அன்று நாங்கள் போகவேயில்லை.

லைற் போடும் நேரம் கழிந்து படியில் காலடி கேட்டது. இரண்டு பேருடைய காலடி என்பதை நான் எண்ணி அறிந்தபோது, அம்மா இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானாவுக்குப் பின்னால் அப்பா நின்றார். குடையைக் காணவில்லை. தலைமயிரிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு கன்னம் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. சட்டைக்குள் கையைவிட்டு, பொலித்தீன் பையில் சுற்றிய கசெற்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அது நனையவில்லை.

"சுணங்கிப்போச்சு," என்றார். "இதில சத்தமில்லை. கடையில கடைசிமட்டும் ஓட விட்டுப் பாத்துத்தான் எடுத்தனான்."

நானா சிரித்தார். "பொலிஸுக்குக் கொண்டு போயும் அந்தக் கசட்டக் கையால உடல்ல தங்கச்சி. புள்ளைகள்ட படமாம்."

கடையில் அப்படி நின்று பார்க்காமல் வந்திருந்தால், செக்கிங் தொடங்குவதற்கு முன்பே அப்பா வீட்டில் இருந்திருப்பார் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது. அம்மாவுக்கு அந்தக் கணமே உறைத்திருக்க வேண்டும். கசெற்றை மடியில் வைத்துக்கொண்டு, அதன் காய்ந்த முதுகைத் தடவியபடியே வெகுநேரம் இருந்தார். அந்தப் படத்தை நாங்கள் பார்த்தோமா, அதன் பெயர் என்ன, ஒன்றும் நினைவில்லை.

நானாவின் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. கசெற் கடையில் தொலைபேசி உறை விற்கிறார்கள். லேன் முனையில் காவலரணின் மண்மூட்டைகள் இல்லை. அப்பாவும் இல்லை. மாமாவின் கலியாணக் கசெற் என்னிடம் இருக்கிறது. உள்ளே வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து, அதை ஓட விட டெக்கும் இல்லாமல், பன்னீர்ச் செம்போடு அவர் அதற்குள்ளேயே நிற்கிறார்.

அதே வெள்ளவத்தையில்தான் இப்போதும் இருக்கிறேன். மழை நாளில் என் பிள்ளைகள் படம் பார்க்கக் கேட்டால், குசினியில் நின்று காதில் வயரை மாட்டிக்கொண்டு, போனில் முதலில் நான் ஓட்டிப் பார்த்து முடிப்பேன். யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர்கள் அவர்கள். எந்தச் சத்தத்துக்கும் திடுக்கிடமாட்டார்கள். மூத்தவள் என்னைச் "சென்சர் போர்ட்" என்று தன் தம்பியிடம் பகிடி பண்ணுவது எனக்குக் கேட்கும்.

போன கிழமை காலி வீதியில் வெள்ளம். பஸ் நகரவில்லை. இருட்டுகிற நேரத்தில் நனைந்து வந்து கதவைத் திறந்தால், போர்வையை விரித்து, திரையில் முதல் காட்சியை நிறுத்தி வைத்தபடி இருவரும் காத்திருந்தார்கள். மூத்தவள் துவாயோடு எழுந்து வந்து என் தலையைத் துடைத்தாள்.

"அம்மா, வந்து இருங்க. நான் முழுக்க ஓட விட்டுப் பாத்திட்டன்," என்றாள். "இதில உங்களுக்குப் பயமான ஒண்டும் இல்லை."