விளம்பியில் ஒரு காலிக் கட்டம்

ஓக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் பஸ் ஓட்டும் ஆனந்தராசாவை ஒரு பேய் பிடித்திருந்தது. அதன் பெயர் 1658.

பிடிக்கவைத்தவள் மகள் கம்சாயினி. இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்த ஆண்டின் இலக்கியப் பட்டியலைத் திறந்து காட்டினாள். மற்ற மொழிகளுக்கு நாடகம், பிரசங்கம், கவிதை என்று வரிசை வரிசையாக இருந்தது. தமிழுக்கு ஒரு கட்டம், உள்ளே ஒன்றுமில்லை.

"டாட், உங்கட சைட் எம்ப்டி."

அன்றிலிருந்து அந்தக் கட்டம் அவரோடு பஸ் ஏறியது. ஆளில்லாத பின்சீட்டிலிருந்து மணி அடிக்கும். நிறுத்துவார், கதவைத் திறப்பார், யாரும் இறங்கமாட்டார்கள். பேய்கள் பயணக் கார்டைத் தட்டுவதுமில்லை.

நிரப்ப ஒன்று கிடைத்தது. அவருடைய பெரியப்பா யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு எழுதியவர். அதாவது, செத்தவருக்கு முப்பத்தோராம் நாளில் அச்சிடும் நினைவுப் புத்தகத்துக்குப் பாட்டுக் கட்டுபவர். அதில் இறந்த திதியைச் சொல்லும் வெண்பா கட்டாயம். பெரியப்பாவின் தகரப் பெட்டிக்குள் பாதி கிழிந்த ஒரு தாள் இருந்தது.

ஆண்டு விளம்பி அணியானித் தேய்பிறையில்
நீண்ட வழிநடந்தான் நீங்கினான் — ஈண்டு

அதோடு தாள் முடிந்தது. ஆனந்தராசா விரல்விட்டு எண்ணினார். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 2018 விளம்பி, 1658உம் விளம்பி. அந்த ஆனியில்தான் டச்சுக்காரரான ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். நீண்ட வழி நடந்தவன் வேறு எங்கிருந்து ஓடியிருப்பான்? பெரியப்பா பழம்பாட்டொன்றைப் பிரதி எடுத்திருக்கிறார் என்று தீர்மானித்தார். ஆராய்ச்சியில் தீர்மானம் முதலில் வரும். ஆதாரம் அடுத்த பஸ்ஸில் வரும்.

கட்டத்தை நிரப்பினார். பின்சீட்டு மணி ஓய்ந்தது. அடுத்த ஞாயிறு, தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் பாட்டைப் பெருமையோடு வாசித்தார். "மிச்ச ரெண்டு வரியும் முந்நூற்றைம்பது வருசமாத் தொலைஞ்சு போச்சு!"

பின்வரிசையில், கிளென் ஈடனிலிருந்து வரும் யோகராணி எழுந்தார். அறுபத்தேழு வயது, கூட்டங்களில் வாய் திறக்காதவர்.

"தொலையேல்லை அண்ணை. என்னட்ட இருக்கு."

சதாசிவன் பேர்கொண்டான் சார்ந்தான் சிவலோகம்
ஏகா தசியி லெழுந்து.

ஆனந்தராசா கையிலிருந்த தாளின் கிழிந்த ஓரத்தைப் பார்த்தார்.

"சதாசிவம் என்ர அப்பா. ஐம்பத்தெட்டு இனக்கலவரத்தில தெற்கில இருந்து நடந்து வந்தவர். வந்து கொஞ்ச நாளில முடிஞ்சுது. நான் அப்ப வயித்துக்குள்ள. எனக்கு அஞ்சு வயசில அம்மாவும் போயிட்டா. தாலாட்டு மாதிரி இந்த ரெண்டு வரியைத்தான் சொல்லுவா. ஏகாதசி எண்டு தெரியும். எந்த மாதம், எந்தப் பிறை எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. ஒருநாளும் அப்பாவுக்குத் திவசம் குடுக்கேல்லை."

1958உம் விளம்பிதான். ஆனந்தராசா அதை எண்ணாமல் தாண்டியிருந்தார். ஒரு தகப்பனைத் தூக்கி முந்நூறு வருடம் பின்னால் புதைத்திருந்தார்.

"ஆனி தேய்பிறை ஏகாதசி, தங்கச்சி," என்றார்.

"ஓம். இப்ப தெரியும். அந்தத் தாளைத் தாங்கோ. அதோட, அப்பாவை அங்கயிருந்து எடுத்துவிடுங்கோ."

தாளைக் கொடுத்தார். அன்றே கட்டத்தில் எழுதியதையும் அழித்தார். திங்கட்கிழமை முதல் ஸ்டாப்பிலேயே பின்சீட்டு மணி அடித்தது.

ஆனி பிறந்தது, ஓக்லாந்தில் அது கொட்டும் குளிர். தேய்பிறை ஏகாதசியன்று யோகராணி வீட்டுப் பின்வளவில் படையல் நடந்தது. இந்த ஊரில் காகம் கிடையாது. சதாசிவத்தாரின் சோற்றை ஒரு கடற்புறா வந்து, குடிவரவு அதிகாரியைப் போல் தலை சாய்த்துச் சோதித்துவிட்டுத் தின்று, வேலியில் ஏறியது. யோகராணி அழுதுகொண்டே சிரித்தார்.

பக்கத்தில் இன்னொரு இலை இருந்தது.

"இது ஆருக்கு, தங்கச்சி?"

"உங்கட விளம்பியில செத்ததுகளுக்கு. அதுகளுக்கு ஒருத்தரும் பாட்டுக் கட்டேல்லைத்தானே."

அந்த இலைக்கு ஒரு பறவையும் வரவில்லை. மழை தூற, இருவரும் உள்ளே போய்க் கால் துடைத்தார்கள். ஆனந்தராசா ஜன்னலால் திரும்பிப் பார்த்தபோது அந்த இரண்டாம் இலை ஒரு பருக்கையும் இல்லாமல் கழுவி வைத்ததுபோல் இருந்தது. கடற்புறா வேலியில் அப்படியே உட்கார்ந்து, காலி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.