வாஷர் என்னுடையது

சங்கத்தில் எனக்குக் கொடுத்த ஏர்கன், முதல் நாள் சுடவில்லை, இருமியது. விசையை இழுத்தால் குழாயிலிருந்து புகை வந்தது. ஈய ரவை குறி அட்டைக்குப் போய்ச் சேருவதற்குள் தாழ்ந்து, கீழே அடுக்கியிருந்த மணல் மூட்டையில் விழுந்தது.

சீனச் சண்டை முடிந்த சமயம் அது. பெண்களும் துப்பாக்கி பழக வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். நாமக்கல் துப்பாக்கிச் சங்கத்திலும் பெண்கள் பிரிவு ஒன்று தொடங்கினார்கள். நான் அந்த ஊரில் பள்ளிக்கூட டீச்சர். சேலத்துக்காரி, கலியாணம் ஆகாதவள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்தால் போக வேறு இடம் இல்லாதவள். பெயர் கொடுத்தேன்.

சங்கத்தின் செயலாளர் லாரிகள் வைத்திருந்தவர். கொல்லிமலையில் வேட்டையாடிப் பழகியவர். துப்பாக்கியில் அவருக்குத் தெரியாதது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டார் என்று இத்தனை வருஷம் கழித்தும் யாராவது அவருக்காகப் பரிந்து பேச வரக்கூடும்.

அந்த ஏர்கனை நான் வீட்டு மேஜையில் பிரித்துப் போட்டேன். யாரோ அதற்குள் தேங்காய் எண்ணெயை ஊற்றி வைத்திருந்தார்கள். சுருள்வில் பாயும்போது காற்று சூடேறி எண்ணெய் உள்ளேயே வெடிக்கிறது, புகை அதனால்தான். காற்றைத் தள்ளும் பிஸ்டனின் தலையில் இருந்த தோல் வாஷர் கருவாடாகக் காய்ந்து, தொட்டதும் பொடிந்தது. காற்றெல்லாம் அதன் ஓரமாகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ரவைக்கு உந்துதல் எங்கிருந்து வரும்?

புது வாஷர் கடையில் கிடைக்கவில்லை. கிணற்றுப் பம்புக்குப் போடும் தடித்த தோலை வாங்கி, வட்டமாக வெட்டி, வெந்நீரில் ஊறவைத்துக் கிண்ணம்போல வளைத்தேன். காய்ந்த பிறகு உருக்கிய கொழுப்பில் ஊறவிட்டேன். முதலில் வெட்டியது பெரிதாகி அடைத்துக்கொண்டது. அடுத்தது தளர்ந்தது. அதற்கடுத்தது, விரலால் தள்ளினால் மெல்ல வழுக்கிப் போகிற அளவுக்குப் பொருந்தியது. குழாய் மடங்கும் மூட்டின்மேல் மெல்லிய காகிதத் துண்டை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். காகிதம் அசையவில்லை. காற்று முழுதும் ரவைக்குப் பின்னால் போகிறது என்று அர்த்தம். அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பிறகு துப்பாக்கியின் மரக்கட்டையில் இருந்த திருகாணிகளை இறுக்கினேன். அவை தளர்ந்திருந்தால் ஒவ்வொரு ரவையும் ஒவ்வொரு பக்கம் போகும். கண்ணுக்கு நேரே குறி பார்க்கும் பின்குறியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். பிடிக்கும் விதத்தையும் பழகிக்கொண்டேன். சுருள்வில் ஏர்கனை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. ரவை குழாயை விட்டு வெளியேறுவதற்கு முன்பே அது குதிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குதிக்க விட வேண்டும். இடது உள்ளங்கையைத் திறந்து வைத்து, அதன்மேல் கிடத்தினாற்போல ஏந்தினேன். மழைக்காலம் முடிவதற்குள் ரவைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே ஓட்டையில் விழுந்தன.

செயலாளர் பின்னால் நின்று பார்ப்பார். "டீச்சரம்மா, எப்படிங்க இப்படிப் படியுது?" என்று கேட்பார். நான் ஒன்று விடாமல் சொன்னேன்.

சங்கத்தில் பெண்களுக்குப் போட்டி வைத்தார்கள். அன்று காலை என் இடத்தில் வேறு ஏர்கன் கிடந்தது. மூட்டு ஆடுகிற, பின்குறி தளர்ந்த, யாரும் தொடாத ஒன்று. என்னுடையது செயலாளரின் அண்ணன் மகள் கையில் இருந்தது. சேந்தமங்கலத்திலிருந்து வந்திருந்த, காலேஜ் படிக்கிற பெண்.

"சார், அது நான் பழகுன துப்பாக்கி."

"சங்கத்துத் துப்பாக்கிம்மா அது. ஆரு சுட்டா என்னங்க? டீச்சரா இருந்துட்டு இதுக்குப் போயி மல்லுக்கு நிக்கறீங்களே."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். கொடுத்ததை எடுத்துச் சுட்டேன். ஒரு ரவை மேலே, ஒன்று இடது ஓரத்தில், ஒன்று அட்டைக்கே போகவில்லை.

அந்தப் பெண் சுட்டபோது பின்னாலிருந்து பார்த்தேன். பயத்தில் கட்டையை நெரித்துப் பிடித்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ரவைகள் அட்டை முழுக்கச் சிதறின.

செயலாளர் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கூட்டத்துக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "குறிய மாத்தி வெச்சுட்டீங்களா? நேத்து வரைக்கும் நல்லாத்தானே அடிச்சுது? பொறாமைக்கு ஒரு அளவு வேண்டாமுங்களா?"

அவருக்குத் தெரியும். பிடியைப் பார்த்த எந்த வேட்டைக்காரனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார்.

"குடுங்க, இப்பவே சுட்டுக் காட்டறேன்" என்றேன்.

"போட்டி முடிஞ்சுதுங்க. பொட்டில வெச்சுப் பூட்டப் போறேன்."

"பூட்டிக்கோங்க. துப்பாக்கி சங்கத்தோடது. உள்ள இருக்கற வாஷர் என்னோடது. அத எடுத்துட்டுத் தர்றேன்."

அந்தப் பெண் மேஜைமேல் வைத்திருந்த ஏர்கனை எடுத்துக்கொண்டேன். பையில் திருப்புளி எப்போதும் இருக்கும். கட்டையைக் கழற்றினேன். அடுத்தது சுருள்வில்லை அடக்கி வைத்திருக்கும் ஊசி. அழுத்திப் பிடிக்காமல் அதை உருவினால் வில் முகத்தில் பாயும். வீட்டில் கதவு நிலையில் முட்டுக்கொடுத்துச் சமாளிப்பேன்; இங்கே அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். பெண்கள் பிரிவில் கூடவே பழகியவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நான் புடிச்சுக்கறேனுங்க அக்கா" என்றது ஒரு குரல். அவருடைய அண்ணன் மகள்.

"நீ என்னத்துக்குடி அங்க போற? இங்க வா!" என்று அவர் கத்தினார்.

"இருங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, பட்டுப் புடவையோடு மேஜைமேல் சாய்ந்து, இரண்டு கையாலும் குழாயைக் கீழே அழுத்தினாள். நான் ஊசியைத் தட்டி எடுத்தேன். அவள் மெல்ல மெல்லக் கையைத் தளர்த்தினாள். பிஸ்டன் வந்தது. தலைத் திருகாணியைக் கழற்றி வாஷரை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினேன். மிச்சத்தை அப்படியே மேஜைமேல் பரப்பிவிட்டு நடந்தேன். அந்த ஆளை அறையாமல் வருவதற்கு என் பலம் முழுதும் தேவைப்பட்டது.

அடுத்த வாரம் பெண்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். பொம்பளைகளைச் சேர்த்தால் சண்டைதான் மிச்சம் என்று செயலாளர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என்னை மட்டும் நீக்கியிருந்தால் பொறுத்திருப்பேன். அவர் திருடியதற்கு எங்கள் எல்லோர் தலையிலும் பழி விழுந்தது. தரையைப் பார்த்து நின்றவர்கள்கூட, "நீங்க கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம் டீச்சர்" என்று என்னிடமே வந்து சொன்னார்கள்.

அந்தப் பெண்ணுக்கு அந்தத் தையிலேயே கலியாணம் முடித்துவிட்டார்கள். எருமப்பட்டிப் பக்கம் கொடுத்ததாகச் சொன்னார்கள். படிப்பை முடித்தாளா என்று தெரியவில்லை.

வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.