மூத்தவள் எடுத்த பை

கருகிய மிக்ஸி மோட்டாரின் வாசனை ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. எரிந்த ரப்பரும் காய்ந்த எண்ணெயும் கலந்தாற்போன்ற அந்த நெடி, நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் அம்மாவின் சேலைத் தலைப்பிலேயே குடியிருந்தது. அப்பா மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து மாதம் ஒருமுறை இறங்கி வருவார். அம்மா திருநெல்வேலி டவுனில் ஒரு மோட்டார் கடையில் செம்புக் கம்பி சுற்றி "வைண்டிங்" கட்டப் பழகி, அந்தக் கடை மூடிய பிறகு பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் வீடு வீடாகப் போய் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் பழுது பார்த்தாள். ஆண்கள் வீட்டில் இல்லாத நேரத்திலும் அடுக்களை வரைக்கும் வரக்கூடிய ஆள் என்பதால் பெண்கள் அவளைத் தேடிக் கூப்பிட்டார்கள்.

சாமான்களையெல்லாம் ஒரு ஒயர் கூடையில்தான் கொண்டுபோவாள். ஒருநாள் பஸ் நெரிசலில், கூடையின் கண் வழியே நீட்டிக்கொண்டிருந்த, ஸ்க்ரூ முடுக்கும் "திருப்புளி" பக்கத்தில் நின்றவளின் பட்டுச் சேலையைக் கிழித்துவிட, அந்தப் பெண் பஸ் முழுக்கக் கேட்கும்படி ஏசினாள். மறுநாளே அம்மா என்னையும் அக்கா மாரியையும் ஜங்ஷன் பக்கத்துப் பைக்கடைக்கு அழைத்துப் போனாள். எனக்கு அப்போது பத்து வயது; மாரிக்குப் பன்னிரண்டு.

நான் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்துவிட்டேன்: கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு பக்கமும் பளபளக்கும் கொக்கிகள், திறந்தால் தட்டுத் தட்டாக மேலே எழும்பும். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அம்மா ஆபீசர் மாதிரி இருப்பாள் என்று நினைத்தேன். மாரியோ தரையில் உட்கார்ந்து, கூடையிலிருந்த சாமான்களை ஒவ்வொரு பையிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். கடைசியில், அடியில் பலகை வைத்துத் தைத்த ஒரு காக்கிக் கித்தான் பையை அதன் தோள்வாரைப் பிடித்துத் தூக்கி வந்து அம்மா முன்னால் வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் சொன்னாள்.

"அம்மா தரையில உக்காந்துதான வேல செய்யுதா, அண்ணாச்சி. இது வாயத் தொறந்துக்கிட்டு சாயாம நிக்கி. பாக்காமலே கையவிட்டு எடுக்கலாம். அந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஒத்தக் கையால தொங்க முடியுமா?"

கடைக்காரர் சிரித்தார். "மூத்தவளுக்கு நல்ல கண்ணு இருக்கும்மா."

பெட்டியை நான் இரண்டே நாளில் மறந்துவிட்டேன். அம்மா எப்படி உட்காருகிறாள், வேலையின் நடுவே எந்தக் கையை நீட்டுகிறாள் என்பதெல்லாம் மாரிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்பதைத்தான் மறக்க முடியவில்லை. போகிற வீடெல்லாம் அம்மா "எம் மூத்தவ எடுத்த பை" என்று சொன்னாள். சாயங்காலம் இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து பையை அடுக்குவார்கள். "டெஸ்டர எங்கன வச்ச, மாரி?" என்று அம்மா கேட்கும்போது, பக்கத்திலேயே இருக்கும் என்னிடம் அதைக்கூடக் கேட்கத் தோன்றவில்லையே என்று எனக்கு வயிறெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தபோது, பென்சில் சீவும் பிளேடால், வார் பையோடு சேரும் இடத்துத் தையலில் உள்பக்கமாகப் பாதி நூலை அறுத்தேன். வார் அறுந்தால் அம்மா மாரியைத் திட்டுவாள். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பாளையங்கோட்டையில் ஒரு மாடிப்படியில் அது அறுந்தது. பை உருண்டு உள்ளேயிருந்த, கரண்ட் பார்க்கும் மீட்டர் நொறுங்கியது. அதைப் பிடிக்கப் போன அம்மா கால் பிசகி, வீங்கிய கணுக்காலோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"நான்தாம்மா கடையில வார இழுத்துப் பாக்காம எடுத்துட்டேன்" என்று மாரி தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா அவளை ஒரு சொல்கூடத் திட்டவில்லை.

மாரி தண்ணீர் பிடிக்கப் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டு, அறுந்த இடத்தை விரலால் நீவிக் காட்டினாள். தானாக அறுந்த நூல்கள் பிசிறடித்திருந்தன. மற்ற நூல்கள் ஒரே மட்டத்தில் நறுக்கினாற்போல் நின்றன.

"ஏட்டி, ஊசிய எடுத்துட்டு வா. இங்கன உக்காந்து பைய தை. அவகிட்ட ஒண்ணும் சொல்லாத, அவ மனசு விட்டுப்போவும்."

விரலில் நாலைந்து இடத்தில் குத்திக்கொண்டு நைலான் நூலால் தைத்து முடித்தேன். கால் சரியாகி வேலைக்குப் போகத் தொடங்கியதும், "எளையவ தச்ச வாரு" என்றும் அம்மா ஊரெல்லாம் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அந்தப் பைக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். கித்தான் பை, ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருஷம் சேற்றோடு போயிற்று. அம்மா போய் மூன்று வருஷமாகிறது. சென்ற மாதம், வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் மாரியின் மகளுக்குத் தோள்பை எடுக்க மூவரும் ஒரு கடைக்குப் போனோம். "நான் எடுத்தா வார் அந்துரும்ட்டி, ஒன் சித்தியே எடுக்கட்டும்" என்று மாரி மகளிடம் சிரித்தபடி சொன்னாள். இத்தனை வருஷம் அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். மகள் விலகிப் போனதும் மாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாரி கையிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"சாகுற வரைக்கும் எங்கிட்ட மூச்சு விடலையே. அப்ப இத நீங்க ரெண்டு பேரும் மட்டும் ஒங்களுக்குள்ள வச்சிருந்திருக்கீங்க."

என்மேல் கோபப்பட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் தனக்கு இடமில்லாத ஒன்று இருந்திருக்கிறது என்று அவள் முகம் அப்போதுதான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. பத்து வயதில் அதே முகம் எனக்கு இருந்தது.