கராஜில் அம்மா

பெட்ரோல் வாசனை வந்தாலே ஜெர்மனியில், எர்லாங்கன் நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த, இன்று அடுக்குமாடிக் கட்டடமாகிவிட்ட கராஜுக்குப் போய்விடுகிறேன். எழுபதுகளில் அப்பா அங்கே ஒரு பழைய காரில் பெரிய எஞ்சினைப் பொருத்தி, அது திணறாமல் ஓட வேண்டுமென்று சனிக்கிழமைதோறும் கார்பரேட்டர் திருகைத் திருப்பிக்கொண்டிருப்பார். அவருக்குக் காது மந்தம். அதனால் அம்மா ஸ்வெட்டருக்கு மேல் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, குனிந்து கேட்டு, "இன்னும் இருமுதுங்க, கொஞ்சம் லூஸ் பண்ணுங்க" என்பாள்.

அம்மா நோயில் இறந்து, குளிர்காலம் கழிந்தபின் அப்பா மறுபடி எஞ்சினை ஓடவிட்டார். திருகைத் திருப்பினார், எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், மறுபடியும் திருப்பினார்.

"நல்லாத்தான் ஓடுதுப்பா" என்றேன், அவருக்குக் கேட்கும்படி சத்தமாக.

"அம்மா சொல்லணும்டா" என்றார். எஞ்சினை அணைத்தார். பிறகு அதை அவர் ஓட்டவேயில்லை.